நெல்லைச் சீமையில் ஒரு கறுப்புக் கூழாங்கல்

ஜூலை 10, வியாழன் – பாளையங்கோட்டை

ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனாலும் காலை ஏழரை மணிக்கு நெல்லைச் சந்திப்பில் இறங்கியபோதே காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. அத்தான் வண்டியோடு வர ஒன்பது மணி ஆகும் என்றதால் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து இட்லியும் வடையும் சாப்பிட்டேன், நாற்பத்தைந்து ரூபாய். சாம்பார் வாளியோடு இரண்டாம் முறை வந்தவர், மேசையில் வைக்க மனமில்லாமல் நான் மடியிலேயே வைத்திருந்த சிறு மரப்பெட்டியைப் பார்த்து, "நகையா அண்ணாச்சி?" என்று தணிந்த குரலில் கேட்டார். கல் என்றேன். வைரக்கல் என்று எடுத்துக்கொண்டார் போலும். நான் எழுந்து போகும் வரை அந்த மேசையில் வேறு யாரையும் உட்கார விடவில்லை.

பெட்டியில் இருந்தவை மூன்று. ஒன்று, கோவையில் நிலவியல் கற்பிக்கும் நண்பர் இரவல் தந்த கண்ணாடிச் சில்லு. கனடாவில் சுப்பீரியர் ஏரிக்கரையை ஒட்டிக் கிடக்கும் கன்ஃபிளின்ட் என்னும் பாறை அடுக்கிலிருந்து வெட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டியது; அந்தக் கறுப்புச் சிக்கிமுக்கிக் கல்லின் வயது ஏறத்தாழ 188 கோடி ஆண்டுகள். இரண்டாவது, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கி. செல்பேசியின் கேமராவோடு ஒட்டிக்கொண்டால் 140 மடங்கு பெருக்கிக் காட்டும். மூன்றாவது, பத்து வயதில் குறுக்குத்துறையில் தாமிரபரணிக்குள் இறங்கி நான் பொறுக்கிய ஒரு கறுப்புக் கூழாங்கல்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாவரவியல் கற்பித்து வருகிறேன். பாசிகளைப் பற்றிய பாடத்தை 'உலகின் தொன்மையான உயிர்களுள் இவையும் அடங்கும்' என்ற வரியோடு தொடங்கி, அந்த வரியில் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவது என் வழக்கம். அதை யார் பார்த்தார்கள், எந்தக் கல்லில் பார்த்தார்கள் என்று சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டுவிட்டாள். அன்று திணறியதன் பின்விளைவுதான் இந்தப் பயணம். நண்பரிடம் சில்லை வாங்கிக்கொண்டு, எங்கள் ஊர்ப் பாறைகளையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன் என்றபோது அவர் சிரித்தார். "உங்கள் ஊர்ப் பாறை வெந்த பாறை ஐயா. அதில் நுண்ணுயிர்ப் படிவம் தேடுவது அடுப்புச் சாம்பலில் விதை பொறுக்குவது மாதிரி" என்றார்.

பிற்பகலில் பாளையங்கோட்டையில் ஒரு கிரானைட் பட்டறைக்குப் போனோம். சமையல் மேடைக்கல்லும் கல்லறைக் கல்லும் அறுத்து மெருகேற்றிக் கொடுக்கும் இடம். சுவரில் சாய்த்து வைத்திருந்த கற்களில் ஒன்று, கரும்பச்சையில் எண்ணெய் தடவியது போல் மின்னியது. இதை நிலவியலார் சார்னோக்கைட் என்பார்கள். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், அது சென்னைப் பல்லாவரத்துக் கல் என்று கண்டு, அதற்கு அந்த மனிதரின் பெயரையே வைத்துவிட்டார். கல்லறைக் கல் விற்கும் இடத்தில் நின்று இதைச் சொன்னால் பட்டறைக்காரர் மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் கண் என் கூழாங்கல்லின் மேலேயே இருந்தது.

பாறையை முப்பது மைக்ரான் கனத்துக்குத் தேய்த்தால்தான் ஒளி ஒழுங்காக ஊடுருவும். தலைமயிரின் கனத்தில் பாதிகூட வராது. இதை விளக்கியதும் அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கல்லைத் தண்ணீர் ஓடும் அறுவை வட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியின் முகத்தை மெருகேற்றி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, அரால்டைட் தடவி நான் கொடுத்த கண்ணாடியில் ஒட்டி, அது இறுகிய பின் மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார். கால் மில்லிமீட்டர் வரைக்கும் பொறுமையாகக் கொண்டுவந்தார். ஓர் ஓரம் மட்டும் தேன் நிறத்தில் ஒளியை விட்டது. அங்கேயே ஒரு மூலை சில்லாகத் தெறித்து விழுந்தது. "இதுக்கு மேல தேய்ச்சா கல்லு இருக்காது அண்ணாச்சி, கண்ணாடிதான் இருக்கும்" என்று நிறுத்திவிட்டார். மூன்று மணி நேர வேலைக்கு முந்நூறு ரூபாய்தான் வாங்கினார். அதையும், இது எதற்கு என்று தனக்கு இன்னும் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கினார்.

இரவு விடுதி அறையில் முதலில் கன்ஃபிளின்ட் சில்லைப் பார்த்தேன். மங்கிய தேன் நிறப் பின்னணியில் மயிரிழைத் துண்டுகளை யாரோ தூவியது போல் கறுப்பு இழைகள். அவற்றிடையே புள்ளி புள்ளியாகச் சிறு உருண்டைகள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி டைலர் இரும்புத்தாதுப் பாறைகளை ஆராயப் போன இடத்தில் கண்டெடுத்தவை இவை. ஹார்வர்டின் தாவரவியலாளர் எல்சோ பார்கூர்னோடு சேர்ந்து 1954-இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரைதான், கேம்பிரியன் காலத்துக்கு முந்திய, அதாவது ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கும் பழைய பாறைகள் உயிர்த்தடமற்றவை என்ற எண்ணத்தை உடைத்தது.

அடுத்து என் கூழாங்கல். ஒளி விட்ட அந்த ஓரத்தில், நீளமாக, லேசாக முறுக்கிக்கொண்டு, ஓர் இழை தெரிந்தது. கை நடுங்கிப் படம் மூன்று முறை கலங்கியது. நள்ளிரவு வரை தூங்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி – தாழையூத்துப் பக்கம்

வெயில் காலை ஒன்பதுக்கே தலையில் இறங்கியது. தாழையூத்தைத் தாண்டிய சாலையோரத்தில் சுண்ணாம்புக் காளவாசலுக்காகக் கல் குவித்திருந்தார்கள். சுண்ணாம்புக்கல் என்றதும் சிப்பியும் நத்தையும் நிறைந்த அரியலூர்க் கல் என் நினைவுக்கு வரும். இது அப்படி இல்லை. உடைத்த முகம் கற்கண்டைப் பிளந்தது போல் பளிச்சென்று, பட்டை பட்டையாக மின்னியது. பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணச் சேறாகத்தான் இதுவும் இருந்திருக்க வேண்டும். ஆனால் கண்டங்கள் மோதிச் சேர்ந்த காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தத் தென்கோடிப் பாறைகள் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கி, எண்ணூறு டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் கிடந்து மீண்டன. அந்த வேக்காட்டில் பழைய மணிகள் கரைந்து பெரிய படிகங்களாகப் புதிதாக வளர்ந்துவிட்டன. சில மைக்ரான் அகலமுள்ள ஓர் உயிரணுச் சுவர் அங்கே இருந்திருந்தாலும் அதன் உருவம் மிஞ்ச வழியில்லை. நண்பர் சொன்ன சாம்பல் இதுதான்.

குவியல் அருகே கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "கல்லுக்குள்ள என்னத்த அண்ணாச்சி தேடுதிய?" என்றார். பழைய பூச்சி, பாசி ஏதாவது இருக்குமா என்று பார்க்கிறேன் என்றேன். அவர் மகனைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, அவன் வீட்டுக்குள் ஓடி ஒரு தட்டைக் கல்லைக் கொண்டுவந்தான். பிளந்த முகத்தில் பெரணி இலை போலக் கிளை கிளையாக, நரம்பு தப்பாமல், கறுப்புச் சித்திரம். "செடி கல்லாயிட்டு சார்" என்றான்.

அது செடி இல்லை. பாறை வெடிப்புக்குள் கசிந்த நீரிலிருந்து மாங்கனீசு ஆக்சைடு படிந்து கிளைத்த கோலம். இப்படி ஒரு கல்லை ஆறு ஆண்டுகள் துறை அலமாரியில் 'பெரணிப் புதைபடிவம்' என்று நானே சீட்டெழுதி ஒட்டி வைத்திருந்தேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை; இங்கே எழுதிவிடுகிறேன். உருவம் மட்டும் போதாது என்பதை ஆய்வகத்திலேயே காட்டியிருக்கிறார்கள். பேரியம் உப்பையும் சிலிக்காக் கரைசலையும் சேர்த்து வைத்தால், உயிரின் துணை ஒரு துளியும் இல்லாமல், புழுவைப் போலவும் நுண்ணுயிர் இழைகளைப் போலவும் நெளிந்த உருவங்கள் வளரும் என்று கார்சியா ரூயிஸும் அவரது குழுவும் 2003-இல் வெளியிட்டார்கள்.

வெந்த பாறை இன்னொரு வகையிலும் ஏமாற்றும். கிரீன்லாந்தின் இசுவாவில் பனி உருகி வெளிப்பட்ட 370 கோடி ஆண்டுப் பாறை முகத்தில் ஓரிரு சென்டிமீட்டர் உயரக் கூம்பு வரிசை ஒன்றைக் கண்டு, அவை நுண்ணுயிர்ப் படலங்கள் கட்டிய மேடுகள் என்று ஆலன் நட்மனின் குழு 2016-இல் எழுதியது. இரண்டே ஆண்டில் அபிகெயில் ஆல்வுட்டின் குழு அதே இடத்துக்குப் போய், கல்லைப் பக்கவாட்டிலும் அறுத்துப் பார்த்து, கூம்புகள் அல்ல, பாறை நசுங்கியதால் எழுந்த நீண்ட மடிப்புகள் என்று மறுத்தது. ஒரு முகத்தை மட்டும் பார்த்தால் மடிப்பும் கூம்பாகத்தான் தெரியும். என் மேடைக்கல் பட்டறைக்காரர் இதைக் கேட்டால் உடனே ஒப்புக்கொள்வார்.

திரும்பும் முன் குவியலில் எனக்கு ஒன்று கிடைத்தது. வெள்ளைக் கல்லுக்குள் வெள்ளிச் சாம்பல் நிறத்தில், மிளகில் பாதி அளவுக்கு ஒரு செதில். நகத்தால் நெம்பி எடுத்து, டீக்கடை ரசீதின் பின்புறத்தில் இழுத்தேன். பென்சில் கோடு விழுந்தது. கிராஃபைட்.

இது வெறும் கரி. ஆனால் உயிர் அழிந்து வெந்தாலும் அதன் கரி இப்படி எஞ்சக்கூடும். உயிர்கள் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கரியமிலத்தை எடுக்கும்போது எடை குறைந்த கார்பன்-12-ஐயே கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன, கார்பன்-13 பின்தங்குகிறது. அந்தக் குறைவு உடலிலும், உடல் கரியானால் கரியிலும் பதிந்திருக்கும். மினிக் ரோசிங் 1999-இல் இசுவாவின் கிராஃபைட் துகள்களில் இத்தகைய குறைவைக் கண்டுதான் 370 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடலில் உயிர் மிதந்தது என்று வாதிட்டார். அதே இசுவாவின் வேறு பாறைகளில், இரும்புக் கார்பனேட் வெப்பத்தில் சிதைந்தே கிராஃபைட் உண்டானதையும் பிறகு காட்டினார்கள். ஆக, கரி இருப்பதாலேயே உயிர் இருந்தது என்றாகாது. என் செதிலுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது கிடந்தது சுண்ணக்கல்லில். அத்தனை வெப்பத்தில் கரியும் கல்லும் தங்கள் கார்பனைப் பரிமாறிக்கொண்டுவிடும். கரியின் பழைய கணக்கு கல்லின் கணக்கோடு கலந்துபோகும். கார்பன் வகைகளை எடை பார்த்துப் பிரிக்கும் நிறைமானியில் வைத்தாலும் தெளிவான பதில் வராது. ரசீதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

மாலை டவுனில் வாழையிலைத் துண்டில் சூடாக நூறு கிராம் அல்வா. கையெல்லாம் நெய். அந்தக் கையோடு நுண்ணோக்கியைத் தொடக்கூடாது என்று அன்றைக்கு வேலையை மூட்டை கட்டினேன்.

ஜூலை 12, சனி – கல்லிடைக்குறிச்சி, பாபநாசம்

அத்தை வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். மேற்கே மலை மேகத்துக்குள் இருந்தது. சாரல் இங்கே வரை வந்து வந்து போயிற்று. சாப்பிட்டபின், வியாழன் இரவு எடுத்த படத்தை அத்தைக்குக் காட்டினேன். நூறு கோடி ஆண்டுக்கு மேல் பழையதாகவும் இருக்கலாம் என்று ஒரு முன்னுரையும் சொன்னேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்துவிட்டு, "இது பஞ்சுல்லா மருமவனே" என்றார்.

அத்தை நாற்பது ஆண்டாக விளக்குக்குத் திரி திரிப்பவர். பஞ்சுப் பெட்டியிலிருந்து ஓர் இழையைப் பிய்த்துக் கண்ணாடியில் வைத்துக் கொடுத்தார். ஃபோல்ட்ஸ்கோப்பில் அது உருண்டை நூலாக இல்லை. தட்டையான நாடா, இடையிடையே தன்னைத்தானே முறுக்கிக்கொண்டது. என் 'படிவமும்' அதே நாடா, அதே முறுக்கு, அதே அகலம். பட்டறையில் கல்லைத் துடைத்த பனியன் துணியிலிருந்து ஓர் இழை பசைக்குள் அகப்பட்டிருக்கிறது. கன்ஃபிளின்ட் இழைகள் சில மைக்ரான் அகலமே உள்ளவை; இது அவற்றைவிடப் பலமடங்கு பருமன். பக்கத்தில் வைத்துப் பார்த்தும் அந்த வேறுபாட்டை நான் பொருட்படுத்தவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அத்தான் அன்று முழுவதும் என்னைப் 'பஞ்சு வாத்தியார்' என்றே கூப்பிட்டார்.

பெரிய ஆய்வகங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது என்று சொல்லித்தான் தப்பித்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் துளையிட்டு எடுத்த சுமார் 270 கோடி ஆண்டுப் பாறைகளில் உட்கருவுள்ள உயிரணுக்களின் கொழுப்பு மூலக்கூறு எச்சங்கள் உள்ளன என்று 1999-இல் அறிவித்தார்கள். பாடநூல்கள் அதை எடுத்துக்கொண்டன. பின்னர் மிகத் தூய்மையான முறையில் புதிதாகத் துளையிட்டுப் பார்த்தபோது அம்மூலக்கூறுகள் கல்லில் இல்லை. முன்னர்க் கண்டவை வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டவை என்று 2015-இல் முடிவாயிற்று. "அப்போ அவங்களுக்கும் ஒரு அத்தை வேண்டியிருந்திருக்கு" என்றார் அத்தான்.

பிற்பகல் பாபநாசம் மேலே அகத்தியர் அருவி. ஈரம் படும் பாறை முழுவதும் தார் வழிந்தது போல் கறுத்த பட்டைகள். நிழல் என்றோ அழுக்கு என்றோ நாம் கடந்துபோகும் அந்தக் கறுப்பில் பெரும்பங்கு உயிர்தான்: நீலப்பச்சைப் பாக்டீரியா, வெயிலைத் தாங்குவதற்குத் தன்மேல் கருநிறம் போர்த்திக்கொண்டது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இந்தக் குலத்தின் முன்னோரால். சுரண்டி எடுக்கக் கை நீண்டபோது வனத்துறைக் காவலர் ஒருவர், "புலிகள் காப்பகம் சார், பாசியக்கூட எடுக்கப்படாது" என்றார். குரலில் கடுமை இல்லை. குளிக்க வந்தவர்களிடம் சோப்புக்கட்டியை வாங்கி வைத்துக்கொள்ளும் அதே குரல். சரி என்று வந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது அத்தை வீட்டுக் கிணற்றடியிலேயே இருந்தது. துவைக்கும் கல்லின் வடக்குப் பக்கம், தண்ணீர் சிந்திச் சிந்தி, வழுவழுப்பான ஒரு தோல் வளர்ந்திருந்தது. வெயில் படும் ஓரத்தில் அது காய்ந்து அப்பளம் போலச் சுருண்டு நின்றது. உரித்தெடுத்துப் பிளேடால் நறுக்கினேன். மேலே கரும்பச்சை, அதன் கீழே பழுப்பு, அதன் கீழே பொடிமணல் ஒரு வரி, மறுபடி பழுப்பு, மறுபடி மணல். பிசுபிசுப்பில் ஒட்டிய மணல் வெளிச்சத்தை மறைக்க, இழைகள் மணலைத் துளைத்து மேலே ஏறிப் புதுத் தோல் கட்ட, அதன்மேல் மறுபடி மணல். இதுவே ஆழமற்ற கடலில் நூற்றாண்டுக் கணக்கில் நடந்து, சுண்ணம் படிந்து இறுகினால் அதற்குப் பெயர் ஸ்ட்ரோமடோலைட். பில்பராவின் ஸ்ட்ரெல்லி பூல் பாறையில் 343 கோடி ஆண்டுப் பழைமையுள்ள அத்தகைய படிவங்கள் உள்ளன. இன்றும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில், கடல்நீரைப் போல் இருமடங்கு உப்பேறி நத்தைகள் மேய வராத ஒரு மூலையில், அவை உயிரோடு வளர்கின்றன. அத்தைக்கு இதில் ஒரே கவலைதான்: "அதுல வழுக்கித்தான் போன வருசம் விழுந்தேன். நீ உரிச்சது நல்லது."

ஒரு துளி நீரில் பச்சைத் தோலை வைத்துப் பார்த்தேன். நாணயங்களை அடுக்கிச் சுருட்டியது போன்ற இழைகள், கைகால் இல்லாமலே மெல்ல வழுக்கி முன்னும் பின்னும் போயின. ஆசிலட்டோரியா என்னும் நீலப்பச்சைப் பாக்டீரியா. உடனே கன்ஃபிளின்ட் சில்லை மாற்றி வைத்தேன். அசைவில்லை, நிறமில்லை, ஆனால் அதே கண்ணி வரிசை என்று சொல்லத் தோன்றியது. பஞ்சுக்குப் பிறகு அப்படிச் சொல்லத் துணிவு வரவில்லை.

இந்தத் துணிவைப் பற்றித்தான் இந்தத் துறையின் பெரிய வழக்கே நடந்தது. வில்லியம் ஷாஃப் 1993-இல், பில்பராவின் ஏபெக்ஸ் சிக்கிமுக்கிக் கல்லில் 346 கோடி ஆண்டுக்கு முந்திய பதினொரு வகை நுண்ணுயிர் இழைகள் உள்ளன என்றார். ஒன்பது ஆண்டுகள் அவை உலகின் மிகப் பழைய படிவங்களாகப் பாடநூல்களில் இருந்தன. லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த அதே சில்லுகளை மார்ட்டின் பிரேசியர் மறுபடி பார்த்தார். குவியத்தை மேலும் கீழும் நகர்த்தினால் சில இழைகள் கிளைத்தன, படிக ஓரங்களை ஒட்டி வளைந்தன. அந்தக் கல்லும் கடலடிப் படிவு அல்ல, வெந்நீர் பாய்ந்த பிளவை நிரப்பிய கல் என்றார். 2002-இல் ஒரே இதழில் ஷாஃபின் வாதமும் பிரேசியரின் மறுப்பும் வெளிவந்தன. ஷாஃப் தன் பக்கத்துக்குக் கொண்டுவந்த சாட்சி, திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல்: கல்லை உடைக்காமலே, உள்ளே இருக்கும் இழை கரிப்பொருள்தான் என்று அது காட்டிவிடும். ஆனால் அந்தக் கரி உயிரிலிருந்து வந்ததா என்பதை அது மட்டும் சொல்லாது. பிறகு ஷாஃபும் ஜான் வேலியும் சில இழைகளில் தனித்தனியாகக் கார்பன் விகிதத்தையே அளந்து, உயிர்தான் என்று மறுபடி எழுதினார்கள். எனக்கு என்னவோ பிரேசியரின் சந்தேகம்தான் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல முயன்றதால்தான் அளக்கும் கருவிகள் இவ்வளவு கூர்மையாயின என்பதையும் மறுக்க முடியாது.

ஜூலை 13, ஞாயிறு – குற்றாலம்

இந்த நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பேரருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். தங்கிய இடத்தில் போர்வை ஈரம், சுவரில் பூஞ்சை. ஒரு நாள் வாடகை இரண்டாயிரத்து இருநூறு. சாரலில் நுண்ணோக்கியின் காகிதம் நனைந்து மடிப்பு விட்டது. அதை விடுதித் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துக் காயவைத்தேன். இரவு எல்லைக் கடையில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் மட்டுமே நன்றாக இருந்தன.

ஜூலை 14, திங்கள் – திசையன்விளை, உவரி

களக்காட்டைத் தாண்டித் தென்கிழக்கே இறங்க இறங்க, பச்சை தீர்ந்து பனையும் செம்மணலும் ஆயிற்று. திசையன்விளைக்கு அப்பால் தேரிக்காட்டு ஓரத்தில் ஒருவர் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். நுங்கோடு சேர்த்து முப்பது ரூபாய். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தது. தடவாவிட்டால் காற்றில் வரும் ஈஸ்ட் மதியத்துக்குள் அதைக் கள்ளாக்கிவிடும். கல் சுண்ணாம்பா, சிப்பிச் சுண்ணாம்பா என்று கேட்டேன். "சிப்பிதான். கல்லுல ருசி நிக்காது" என்றார். தாழையூத்துக் குவியலைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அது சரியான தீர்ப்பாகவே பட்டது.

உவரிக் கடற்கரையில் காற்று காதை அடைத்தது. அலை ஏறி இறங்கும் இடத்தில் மணல் மூன்று நிறமாகப் பிரிந்து கிடந்தது: வெளுத்தது, மாதுளை முத்தைப் பொடித்தது போன்ற சிவப்பு, இரும்புத்தூள் போன்ற கறுப்பு. சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். இரண்டுக்கும் இடையே, நிறமில்லாமல், கண்ணுக்குத் தனியாகத் தெரியாமல் கிடக்கும் மணிகளுள் ஜிர்க்கானும் உண்டு. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எண்ணூறு டிகிரியில் படிவமும் கரியும் தம் கணக்கை இழந்தாலும், ஜிர்க்கான் எளிதில் இழக்காது. பாறை கரைந்து மணலாகி மறுபடி பாறையான பின்னும் அது தன் பிறந்த வயதைத் தனக்குள் வைத்திருக்கும்.

பூமியிலேயே உருவாகி, இதுவரை வயது கணித்த பொருள்களில் மிகப் பழையவை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த ஜிர்க்கான் மணிகள். சிலவற்றின் வயது 440 கோடி ஆண்டுகள். கலிஃபோர்னியாவில் எலிசபெத் பெல்லும் அவரது குழுவினரும் அங்கிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகளைப் பார்த்து, உள்ளே கரும்புள்ளி கொண்ட 656-ஐப் பிரித்து, அவற்றுள் 79-ஐ ராமன் ஒளிச்சிதறலால் சோதித்தார்கள். ஒரே ஒரு மணிக்குள் கிராஃபைட் இருந்தது. மணியின் வயது 410 கோடி. கரியில் கார்பன்-13 குறைவு, உயிர் விட்டுச் சென்றது போலவே. 2015-இல் இதை வெளியிட்டபோதும் அவர்கள் உயிர்தான் என்று அடித்துச் சொல்லவில்லை. அப்படியும் விளக்கலாம் என்றே எழுதினார்கள். உவரி மணலைக் கொடுத்த மலைப் பாறைகள் அவ்வளவு பழையவை அல்ல. ஆனாலும் அந்த இனத்து மணி ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

குனிந்து ஒரு கைப்பிடியைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, நான்கு பேர் சுற்றி நின்றார்கள். "எந்தக் கம்பெனி?" என்று ஒருவர் கேட்டார். கடற்கரைத் தாது மணல் எடுப்பதை அரசு 2013-இல் தடை செய்தது. அதற்கு முன்னும் பின்னும் இந்தக் கரை பட்ட பாட்டில், பையோடு குனிபவனை யாரும் சும்மா விடமாட்டார்கள். விடவும் கூடாது. வாத்தியார் என்று சொன்னதை நம்பவில்லை. அடையாள அட்டை காட்டியபின் பாதி நம்பினார்கள். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "கொட்டிருங்க. கொட்டிட்டு என்னன்னு சொல்லுங்க" என்றார். கொட்டினேன். ஒரு செல்லோடேப் துண்டில் ஒட்டும் அளவுக்கு மட்டும், இங்கேயே பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன். அதற்குத் தலையாட்டினார்.

ஒரு கவிழ்த்த வள்ளத்தின் மறைவில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நனைந்து காய்ந்த ஃபோல்ட்ஸ்கோப்பில் அந்த டேப்பை வைத்தேன். செல்பேசித் திரை முழுவதும் கார்னெட் துண்டுகள், உடைந்த சிவப்புக் கண்ணாடி வளையல் போல். இல்மனைட் ஒளியே விடாமல் கறுப்பாகக் கிடந்தது. ஓரத்தில், இருபக்கமும் கூராக, சர்க்கரைத் துண்டைத் தேய்த்தது போல் நிறமற்ற ஒரு மணி. அதைச் சுற்றி மட்டும் தடித்த கறுப்பு விளிம்பு. ஒளியை அதிகமாக வளைக்கும் கனிமத்துக்கு அப்படி விளிம்பு தெரியும். ஜிர்க்கானாக இருக்கலாம். வியாழனன்றைய ஆளாக இருந்தால் 'லாம்' போட்டிருக்கமாட்டேன்.

பெரியவரிடம் செல்பேசியைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டார். அவன் பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். கை மாறி மாறிப் போனதில் டேப்புத் துண்டு எவனுடைய சட்டையிலோ ஒட்டிக்கொண்டு போய்விட்டது. ஜாக் குன்றுக் கதையை அவர்களுக்காகச் சுருக்கிச் சொன்னேன்: பத்தாயிரம் மணியைப் பார்த்து, ஒன்றில் மட்டும் கரி.

"பத்தாயிரத்துக்கு ஒண்ணா?" என்றார் பெரியவர், ஊசியில் நைலான் நூலைக் கோத்துக்கொண்டே. "இந்தக் காத்துல எங்களுக்கு இந்த வாரம் அதுவும் இல்ல."